ரயில் போகும் பாலங்கள் மட்டும்

சென்ற மாதம் என் தம்பி மகளின் குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போடியில் ஒரு மருத்துவமனைக்குப் போயிருந்தேன். அங்கிருந்த நர்ஸ் பெண் தன் போனைக் குழந்தையின் கையில் கொடுத்தாள். அதில் ஒரு பூனை லாரி ஓட்டிக்கொண்டிருந்தது. குழந்தை பூனையைப் பார்த்து வாய் பிளந்த நேரத்தில் ஊசியைப் போட்டு எடுத்துவிட்டாள். அழுகை கிளம்புவதற்குள் பூனை லாரியைக் கவிழ்த்துவிட்டதால் அழுகையும் பாதியில் நின்றுபோனது. நல்ல கைவேலை. மனதாரப் பாராட்டினேன். நானும் இதே வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் என்று தெரிந்ததும், போன் இல்லாத காலத்தில் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள்.

"ரயில் பாலம் காட்டுவோம்மா" என்றேன்.

நான் விளையாடுகிறேன் என்றுதான் நினைத்தாள். நம்ப வைப்பதற்கு அங்கேயே நின்று வெகுநேரம் பேச வேண்டியதாகிவிட்டது. அவளோடு வேலை பார்க்கும் மற்றப் பெண்களும் கூடிவிட்டார்கள். கடைசியில், இதையெல்லாம் எழுதிக் கொடுங்கள் சிஸ்டர் என்றார்கள். எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் போடிக்குப் பக்கத்தில் சிலமலை. வயல்வேலை செய்யும் குடும்பத்திலிருந்து மதுரைக்கு நர்சிங் படிக்கப் போன முதல் பெண் நான். முதல் வருஷம் ரத்தத்தைப் பார்த்து மயங்கி விழுந்தேன்; கடைசி வருஷம் மயங்கி விழுந்தவர்களைத் தூக்கிப் படுக்க வைத்தேன். படிப்பைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது. முடித்ததும் போடிமெட்டுக்கு அப்பால், ஏல மலையில் ஓர் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. ஒரே ஒரு டாக்டர், சில படுக்கைகள், ஊசி போடும் அறை ஒன்று. போன நாள் முதல் ஓய்வு பெறும்வரை அங்கேயேதான் இருந்தேன்.

டாக்டரின் பெயர் மாத்யூ. முதல் நாள் என் சான்றிதழ்களை வாங்கிப் பார்க்காமலே மேசையில் வைத்துவிட்டு, "கை ஈரமா இருக்கா?" என்று கேட்டார். சுத்தத்தைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்து, இப்போதுதான் கழுவினேன் சார் என்று பெருமையாகச் சொன்னேன். துண்டை நீட்டினார். நன்றாகத் துடைத்த பிறகு ஒரு தபால் அட்டையை ஓரத்தில் பிடிக்கச் சொல்லிக் கையில் கொடுத்தார். மூன்று பெரிய இரும்புத் திமில்களோடு ஒரு பாலம். ஸ்காட்லாந்தில் கடலுக்கு மேல் இருக்கும் ஃபோர்த் பாலம் அது என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். அட்டை, வெள்ளைக்காரர்கள் காலத்தில் அச்சடித்தது.

"இதுல ரயில் எங்க இருக்குன்னு கண்டுபிடிங்க" என்றார்.

நான் தேடினேன். அந்த இரும்புக் கம்பிகளுக்குள்ளே கண் மாட்டிக்கொண்டு வெளியே வரவே இல்லை. வெகுநேரம் கழித்துத் தலையை நிமிர்த்தியபோது, டாக்டர் என் கையில் நாடி பார்த்து முடித்திருந்தார். எனக்கே தெரியவில்லை.

"இதுதான் இங்க மயக்க மருந்து" என்றார்.

பழைய தபால் அட்டைகளில் பேர்பெற்ற ரயில் பாலங்களைச் சேர்ப்பதுதான் அவருக்கு இருந்த ஒரே பைத்தியம். ஏன் இந்தப் பைத்தியம் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒவ்வொரு காரணம் சொல்வார். எஸ்டேட் மேனேஜரிடம் தன் அப்பா ரயில்வேயில் இருந்ததாகச் சொன்னார். பாதிரியாரிடம், பாலம் கட்டுவது புண்ணியம் என்றார். என்னிடம், நாள் முழுக்க நோயாளிகளைப் பார்க்கிறவனுக்கு நோவே இல்லாத ஒன்றைப் பார்க்க வேண்டும் போலிருக்கும் என்றார். எது உண்மை என்று நான் கேட்டுக்கொண்டதில்லை.

அந்த அட்டைகளை எதற்குப் பயன்படுத்துவது என்பதில் அவரிடம் ஒரு கணக்கு இருந்தது. சாதாரண ஊசிக்குப் பாம்பன் பாலம். கப்பலுக்கு வழிவிட நடுவில் இரண்டு கதவு மாதிரி மேலே தூக்கி நிற்கும், குழந்தை "ஏன் ஒடஞ்சிருக்கு?" என்று கேட்பதற்குள் வேலை முடிந்துவிடும். தையல் போட வேண்டுமென்றால் ஃபோர்த் பாலம். தீக்காயத்துக்குக் கட்டு மாற்றுவதுதான் எல்லாவற்றிலும் நீளமான வேலை. அதற்கென்று கோதாவரிப் பாலத்தின் ஓர் அட்டை இருந்தது. அதில் ரயிலே கிடையாது. ரயிலைத் தேடு என்று கொடுத்தால் குழந்தை தேடிக்கொண்டே இருக்கும். கட்டுப் போட்டு முடிந்ததும் டாக்டர் அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, "இப்பத்தான் போச்சு, நீ பார்க்கலையா?" என்பார்.

குழந்தையிடம் "பயப்படாதே" என்று யாரும் சொல்லக் கூடாது. அந்தச் சொல்லைக் கேட்ட பிறகுதான் பயமே வரும் என்பது அவர் கட்சி. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஏதாவது தவறு நடந்தால் "சாரமில்ல" என்பார். மலையாளத்தில் பரவாயில்லை என்று அர்த்தம். அதை அவர் சொல்லும் விதத்திலேயே சாரம் எவ்வளவு என்று எங்களுக்குப் புரிந்துவிடும்.

அட்டைகளைக் காப்பாற்றுவது ஊசி போடுவதைவிடக் கடினமான வேலை. ஆடி மாதத்தில் அந்த மலையில் துணி காயாது, உப்பு தண்ணீராய் நிற்கும். ஒருமுறை ஜாம்பேசி ஆற்றுப் பாலத்தின் மேல் வெள்ளைப் புள்ளிகளாகப் பூஞ்சை பூத்துவிட்டது. டாக்டருக்கு அன்று மதியச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் அட்டைகள் இருந்த பெட்டியோடு ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்கு நடந்தார். விறகுச் சூட்டில் காய் உலரும் அறைக்குள் வைத்தால் அட்டை அப்பளம் மாதிரி சுருண்டுவிடும் என்பதால், அந்த அறையின் சுவர் ஓரமாக வெளியில் ஒரு பலகை அடித்துத் தரச் சொன்னார். அன்று முதல் மழைக்காலம் முழுக்கப் பாலங்கள் அங்கேதான் குடியிருந்தன. ஆஸ்பத்திரிக்கு வரும்போது ஏலக்காய் வாசனையோடு வரும். குழந்தைகள் அட்டையைப் பார்ப்பதற்கு முன்னால் மோந்து பார்ப்பார்கள்.

டாக்டர் யாரிடமும் வாய்விட்டு அட்டை கேட்டதில்லை. ஆனால் விஷயம் மலை முழுக்கப் பரவியிருந்தது. பழைய பங்களாக்களைக் காலி செய்கிறவர்கள் எடுத்து வைத்துக் கொடுத்தார்கள். குணமாகிப் போனவர்கள் எதையாவது கொண்டு வந்தார்கள். அவர் வாங்கிக்கொள்வார், ஆனால் பாலத்தின் மேல் ரயில் போக வேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டார். கொச்சிக்கு ஏலக்காய் லோடு அடிக்கும் லாரி டிரைவர் ராசு அண்ணன், அங்கே பழைய சாமான் கடையில் பார்த்ததாகச் சொல்லிக் கல்கத்தாவின் ஹவுரா பாலத்தைக் கொண்டு வந்தார். டாக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இதில் ரயில் போகாதே ராசு என்றார். டிராம் போச்சே சார் என்று அண்ணன் வாதாடினார். டிராம் ரயிலாகாது என்று சொல்லிவிட்டு, அண்ணன் முகம் வாடியதைப் பார்த்ததும், ரயில் போகாத பாலங்களுக்கென்று தனியாக ஓர் உறை போட்டு அதில் வைத்துக்கொண்டார். அந்த உறையில் கடைசிவரை அந்த ஓர் அட்டைதான் இருந்தது.

இத்தனையும் எங்கள் விளையாட்டு. அந்த அட்டைகள் விளையாட்டாக இல்லாமல் போனது பார்வதியக்காவின் விஷயத்தில்.

பார்வதியக்கா எங்கள் எஸ்டேட்டில் காய் எடுக்கும் பெண்களுக்குக் கங்காணி. ஆண்களே பார்த்துவந்த வேலைக்கு அவள் வந்ததற்குக் காரணம் அவளுடைய தொண்டை. ஒரு சரிவில் நின்று கூப்பிட்டால் எதிர்ச் சரிவில் குனிந்திருப்பவள் நிமிர்வாள். ஒருமுறை காலில் ஆணி குத்தி ஊசி போட வந்தவள், பிள்ளைகளுக்கெல்லாம் படம் காட்டுறீங்க, எனக்கு மட்டும் ஏன் காட்டல என்று டாக்டரிடம் சண்டை பிடித்தாள். டாக்டர் சிரிக்காமல் எழுந்து போய்ப் பாம்பன் பாலத்தை எடுத்து வந்து காட்டினார். அவள் புருஷன் மாரிமுத்து எஸ்டேட் ஜீப் ஓட்டுகிறவர். அவர் பேசி யாரும் கேட்டதில்லை. வீட்டில் பேச வேண்டியதையெல்லாம் அவளே பேசிவிடுவதால் அவருக்கு மிச்சம் இருப்பதில்லை என்பார்கள்.

ஒரு நாள் காலையில் காய் எடுத்துக்கொண்டிருந்த இடத்திலேயே பார்வதியக்கா உட்கார்ந்துவிட்டாள். வாய் ஒரு பக்கம் கோணியது, வலது கை தொங்கியது. மாரிமுத்துவே ஜீப்பில் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்தார். டாக்டர் பார்த்தவுடன் பக்கவாதம் என்று சொல்லித் தேனிக்கு அனுப்பினார். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. திரும்பி வந்தபோது கால் கொஞ்சம் தேறியிருந்தது. பேச்சுத்தான் போய்விட்டது. எதைச் சொல்ல வாயெடுத்தாலும் "அது... அது" என்று மட்டும் வந்தது. நாம் சொல்வதெல்லாம் அவளுக்குப் புரிந்தது. பார்க்க வந்த பெண்கள், செவிடிக்குச் சொல்வது போலக் கத்தினார்கள். இல்லாவிட்டால் குழந்தையைக் கொஞ்சுவது போலக் குழைந்தார்கள். இரண்டையும் அவளால் பொறுக்க முடியவில்லை. ஒருத்தி மேல் இடது கையால் தம்ளரை வீசினாள். அதற்குப் பிறகு யாரையும் வீட்டுக்குள் விடவில்லை.

பேச்சுப் பயிற்சி கொடுப்பவர்கள் மதுரையில் இருந்தார்கள். அந்த மலைப்பாதையில் வாராவாரம் அவளைக் கொண்டுபோய் வருவது நடக்கிற காரியமில்லை. கைக்கும் காலுக்கும் பயிற்சி கொடுக்கும்போதே பேச்சையும் முயன்று பார்ப்போம், ஆனால் நான் எந்த வாக்கும் கொடுக்க மாட்டேன் என்று டாக்டர் மாரிமுத்துவிடம் சொன்னார். பேச்சு மூளையில் பல வழிகளில் நடமாடுகிறது, ஒரு வழி அடைபட்டால் இன்னொன்று திறந்திருக்கலாம், பாட்டு வரலாம், சாமி பெயர் வரலாம் என்று எனக்கு விளக்கினார். பாடச் சொன்னால் பார்வதியக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் எந்தக் காலத்திலும் பாடியவள் இல்லை. சாமி மேல் அப்போது அவளுக்குக் கோபம். மாரிமுத்துவை அவளோடு பேச்சுக் கொடுக்கச் சொன்னேன்.

"நான் என்னத்தப் பேச சிஸ்டர்? அவ சொன்னாத்தான எனக்குப் பேச்சே வரும்" என்றார். அவர் வேடிக்கையாகச் சொல்லவில்லை. கண் கலங்கியிருந்தது.

மழை ஓய்ந்து, ஸ்டோரிலிருந்து பெட்டி திரும்பி வந்திருந்த நேரம். அட்டைகளை மேசையில் பரப்பிப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தேன். பார்வதியக்கா பயிற்சிக்காக எதிரில் உட்கார்ந்திருந்தாள். இடது கையை நீட்டி ஓர் அட்டையைத் தன் பக்கம் இழுத்தாள். சுவிட்சர்லாந்தில் இருக்கும் லாண்ட்வாசர் பாலம். உயரமான கல் வளைவுகள் மேல் வளைந்து போகும் ரயில், நேராக ஒரு மலைப் பாறைக்குள் நுழையும். கீழே ஓர் ஆறு. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்ததால், சும்மா இருக்க வேண்டாமே என்று வளைவுகளை விரலால் தொட்டுக் காட்டி எண்ணினேன். ஒண்ணு, ரெண்டு, மூணு என்றேன். அப்போது வாசலில் யாரோ கூப்பிட, திரும்பினேன்.

"நாலு" என்றது ஒரு குரல்.

திரும்பிப் பார்த்தேன். அவள் விரல் அடுத்த வளைவில் இருந்தது. அஞ்சு என்றாள். ஆறு என்றாள். அந்தப் பாலத்துக்கு ஆறே வளைவுகள். பாலம் முடிந்துவிட்டது, அவள் நிறுத்தவில்லை. ஏழு, எட்டு, ஒம்பது என்று விரல் மேசைக்கு வந்து, மேசை ஓரத்துக்கு வந்து, அதற்கு மேல் இடமில்லாமல் காற்றில் போய்க்கொண்டே இருந்தது. நிறுத்தினால் மறுபடி வராமல் போய்விடுமோ என்ற பயம் அவள் கண்ணில் தெரிந்தது. சிரிப்பும் அழுகையுமாக எண்ணிக்கொண்டே போனாள். நான் ஓடிப்போய் டாக்டரை அழைத்து வந்தபோது முப்பதைத் தாண்டியிருந்தாள். டாக்டர் குறுக்கே பேசாமல் நின்று கேட்டார். அவளுக்கு மூச்சு வாங்கியதும், "மதி" என்று மெதுவாகச் சொல்லி, அவள் கையைப் பிடித்து இறக்கி வைத்தார். போதும் என்று அர்த்தம்.

அதன் பிறகு தினமும் பாலம்தான். எண்ணுவது மட்டும் பேச்சு ஆகாது என்று டாக்டர் சொன்னார். தடம் பதிந்துபோன வண்டி மாதிரி அது தானாக ஓடுகிறது. வேண்டிய இடத்தில் நிறுத்தி இறங்கத் தெரிய வேண்டும். அதனால் பாலம் முடிகிற இடத்தில் அவளும் நிறுத்தப் பழக்கினோம். அதுவே பெரும்பாடு. வீட்டில் மாரிமுத்து, எத்தனை இட்லி வேணும் என்று கேட்பாராம். அவள் ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு என்று எண்ணி, வேண்டிய இடம் வந்ததும் அவர் கையைத் தட்டுவாளாம். சில நாள் தட்ட மறந்து ஒன்பதுவரை போய்விடுவாள். சிஸ்டர், அவள் சொன்னதற்காக ஒன்பதும் வைத்தேன், முறைக்கிறாள் என்றார்.

ஒரு நாள் லாண்ட்வாசர் அட்டையை வைத்துக்கொண்டு அவள் சரியாக எண்ணி முடித்தாள். நாலு, அஞ்சு, ஆறு. விரல் ஆறாவது வளைவிலேயே நின்றது. நன்றாயிருக்கிறது என்று சொல்ல நான் வாய் திறக்கும்போது, விரல் அந்த வளைவிலிருந்து மெல்லக் கீழே இறங்கியது. தூணின் வழியாக இறங்கி, அடியில் ஓடும் தண்ணீரைத் தொட்டது.

"ஆறு" என்றாள்.

எண்ணிக்கை என்றுதான் முதலில் நினைத்தேன். அவள் தலையை ஆட்டி மறுத்துவிட்டுத் தண்ணீரை மறுபடி தட்டினாள். "ஆறு."

எண்ணாகப் போன சொல் ஆறாகத் திரும்பி வந்திருந்தது. டாக்டரின் மலையாளத்திலும் இரண்டுக்கும் அதே சொல்தான். அருகில் நின்ற அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, அழுக்கே இல்லாத அதைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

இன்னும் நீளமான பாலங்கள் வேண்டும் என்று டாக்டருக்குத் தீவிரம் வந்துவிட்டது. தெரிந்தவர்களுக்கெல்லாம் சொல்லி அனுப்பினார். நான் விடுமுறைக்குப் போடிக்கு இறங்கியபோது அப்படியே மதுரைக்குப் போய்ப் பழைய புத்தகக் கடைகளில் தேடினேன். எனக்குக் கிடைத்ததெல்லாம் கோபுரங்கள். கடைசியில் ராசு அண்ணன்தான் கொச்சியிலிருந்து கொண்டு வந்தார். இங்கிலாந்தில் பொட்டல் வெளியில் நிற்கும் ரிப்பிள்ஹெட் பாலம், இருபத்து நான்கு வளைவுகள்.

"ரயிலு போற பாலம்தானான்னு கடைக்காரன்கிட்ட ரெண்டு தரம் கேட்டுட்டுத்தான் சார் வாங்குனேன்" என்றார். டாக்டர் அவரைக் கட்டிக்கொண்டார். அவர் யாரையும் கட்டிக்கொண்டு நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

பார்வதியக்கா இருபத்து நான்கையும் எண்ணினாள். சரியாக நிறுத்தினாள். பிறகு பாலத்துக்கு அடியில் தேடினாள். புல்லும் கல்லும்தான் இருந்தன. ஏமாந்துபோனவளாக எங்களை நிமிர்ந்து பார்த்தாள். உதடு கொஞ்ச நேரம் தவித்தது.

"ஆறு... இல்ல."

இரண்டு சொல். டாக்டர் அறையை விட்டு வெளியே போய், கொஞ்ச நேரம் கழித்து உள்ளே வந்தார்.

அன்றைக்கு அடுத்த வாரமோ அதற்கடுத்த வாரமோ, மாரிமுத்து வழக்கம்போல அவளைக் கூட்டிவந்து ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். அவள் ஒரு பாலத்தை எட்டு வரைக்கும் எண்ணிவிட்டு நிறுத்தினாள். பாலத்தில் இன்னும் வளைவுகள் பாக்கி இருந்தன. எட்டு, எட்டு என்று தனக்குள்ளே சொல்லிப் பார்த்தாள். பிறகு புருஷன் பக்கம் திரும்பி, ஒவ்வொரு சொல்லாகக் கையால் எடுத்து வைப்பது போலச் சொன்னாள்:

"ஒரு... எட்டு... போயிட்டு... வா."

மாரிமுத்து துள்ளி எழுந்து வெளியே ஓடினார். ஜீப் கிளம்பிய சத்தம் கேட்டது. கொஞ்ச தூரம் போய் நின்றது. திரும்பி வந்த சத்தம் கேட்டது. வாசலில் நின்று மூச்சு வாங்க, "எங்க போக?" என்று கேட்டார்.

பார்வதியக்கா சிரித்த சிரிப்பில் மேசை ஆடியது. எங்கே அனுப்ப நினைத்தாள் என்பதைச் சொல்ல அவளுக்கு அன்று வார்த்தை கிடைக்கவில்லை. மறுநாள் கிடைத்தது. வீட்டில் மறந்துவிட்டு வந்த வெற்றிலையாம்.

பழைய தொண்டை அவளுக்குத் திரும்ப வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பேச்சு வந்தது, மெதுவாக வந்தது. சில சொற்கள் கடைசிவரை அடம்பிடித்தன. என்னை "சிஸ்டர்" என்று கூப்பிட வராமல் "ஏ தங்கச்சி" என்று கூப்பிட்டாள். சரிவுக்குப் போக முடியாததால், ஸ்டோரில் காய் தரம் பிரிக்கிற இடத்தில் உட்கார்ந்தாள். இடது கையால் பிரித்தாலும் அவள் பிரித்ததில் குற்றம் சொல்ல ஆள் இல்லை. மாரிமுத்து கொஞ்சம் பேசக் கற்றுக்கொண்டார். அவள் திணறுகிற இடத்தில் எடுத்துக் கொடுக்கப் போய் நிறையத் திட்டு வாங்கினார்.

டாக்டர் ஓய்வு பெற்று ஊருக்குப் போகும்போது அட்டைகளை என்னிடம் விட்டுப் போனார். இன்று அந்தப் பெட்டி போடியில் என் வீட்டில் இருக்கிறது. நானும் சேர்க்கிறேன், இப்போது போனிலேயே தேடி வரவழைக்க முடிகிறது. பாலத்தில் ரயில் போகிறதா என்று பார்க்காமல் இன்றுவரை ஓர் அட்டைகூட வாங்கியதில்லை. வளைவுப் பாலங்களை மட்டும் நான் கொண்டுவரவில்லை, ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டேன். டாக்டருக்கு லாண்ட்வாசர் அட்டை மேல் ஓர் ஆசை இருந்தது. தன் பிரிவு உபசாரத்தன்று அதைக் கையில் வைத்துக்கொண்டு, இதை நான் எடுத்துக்கொள்ளட்டுமா என்று பார்வதியக்காவிடம் கேட்டார். அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள். உனக்கு வேண்டுமா என்று கேட்டார். அதற்கும் வேண்டாம் என்றே தலையாட்டினாள்.

"இங்க... இருக்கட்டும். வேற ஆளு... வரும்" என்றாள்.

வந்தது. நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்களுக்கு முன்னால், குரங்கணியில் காப்பித் தோட்டம் வைத்திருந்த ராமசாமி என்பவரை, எங்கள் எஸ்டேட்டுக்குப் பக்கத்தில் இருந்த மகள் வீட்டுக்குக் கொண்டு வந்திருந்தார்கள். அதே பக்கவாதம். ஊர்க் கூட்டங்களில் எழுந்து நின்று பேசிய மனிதர். அவர் வாயிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்தபோதெல்லாம் நான் அட்டைகளை வைத்து எண்ணிக் காட்டினேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பல நாள் இப்படியே போனது. விஷயம் எப்படியோ ஸ்டோர் வரைக்கும் எட்டி, ஒரு மத்தியானம் பார்வதியக்கா காலை இழுத்து இழுத்து நடந்து வந்து அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

நலம் விசாரிக்கவில்லை. பரிதாபப்படவில்லை. லாண்ட்வாசர் அட்டையை அவர் முன்னால் தள்ளி வைத்து, முதல் வளைவில் விரல் வைத்தாள்.

"ஒண்ணு" என்றாள். அடுத்ததற்குப் போனாள். "ரெண்டு."

மூன்றாவது வளைவில் விரலை வைத்துவிட்டுச் சும்மா இருந்தாள். ராமசாமி சுவரிலிருந்து பார்வையை இறக்கி அட்டையைப் பார்த்தார். அவர் தொண்டை ஏறி இறங்கியது. உதவலாம் என்று நான் வாய் திறந்தேன். பார்வதியக்கா என்னைப் பார்க்காமலேயே பாதி தேறியிருந்த வலது கையைக் கொஞ்சம் தூக்கி நிறுத்தினாள். எத்தனையோ பேரை வாய் திறக்க விடாமல் பேசியவள், காத்திருந்தாள். வெளியே யாரோ ஜீப்பை நிறுத்தினார்கள், யாரோ உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அவள் அசையவில்லை.

"மூ..." என்றார் ராமசாமி. பிறகு, "மூணு."

அவள் பாராட்டவில்லை. சிரிக்கவும் இல்லை. விரலை அடுத்த வளைவுக்கு நகர்த்தி வைத்தாள்.